கொடுத்த காசுக்கு நல்ல மால்பெக்: எந்த வரிசையில் பார்த்து வாங்குவது

லண்டனில் ஒரு ஒயின் கடையில் நான்கு வருடம் மாலை நேர வேலை பார்த்தேன். மால்பெக் என்ற கருந்திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினின் அலமாரிக்கு முன்னால் புதிதாக வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தேர்ந்தெடுப்பார்கள். கண்ணுக்குப் பிடித்த லேபிளை எடுப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், கொஞ்சம் தயங்கிவிட்டு அதைவிட ஒரு பவுண்டு கூடுதலான இன்னொன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பவர்கள் மிகவும் குறைவு.

மால்பெக்கில் இது உண்மையிலேயே நஷ்டம். ஏனென்றால் 7 பவுண்டு பாட்டிலும் 14 பவுண்டு பாட்டிலும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும் ஒயின் இது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் திராட்சை விளைந்த இடம்தான். அந்த இடத்தைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும், சரியான வரிசையில் பார்த்தால்.

போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயங்கள். அன்றைக்கு என்ன சாப்பாடு என்ற தெளிவு, அதிகபட்சம் எவ்வளவு செலவழிப்பீர்கள் என்ற ஒரு எண், கீழே 3-ஆம் பகுதியில் வரும் நான்கைந்து ஊர்ப் பெயர்கள். பெயர்களை போனில் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் போய் நின்ற பிறகு நினைவுக்கு வராது.

1. சாப்பாட்டை முதலில் முடிவு செய்யுங்கள்

மால்பெக் என்றால் ஒரே சுவை என்று நினைத்து வாங்குவது முதல் பிழை. நாவற்பழத்தை நினைத்துப் பாருங்கள். நன்றாகப் பழுத்தது இனிப்பாக, சதைப்பற்றாக இருக்கும். கொஞ்சம் முன்னால் பறித்தது நாக்கை இழுத்துப் பிடிக்கும். மால்பெக்கும் அப்படித்தான், விளைந்த இடத்தையும் செய்த விதத்தையும் பொறுத்து இந்த இரண்டு முனைக்கும் நடுவில் எங்கோ நிற்கும். நிறமும் நாக்கில் ஒட்டும் அந்த நாவல் நிறமேதான்.

அந்தத் துவர்ப்பு, திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருளால் வருவது. தணலில் சுட்ட மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி மாதிரி கொழுப்பும் புரதமும் உள்ள உணவோடு அது அடங்கிவிடும். அர்ஜென்டினாவில் அசாதோ என்ற தணல் இறைச்சியோடு இதை ஊற்றுவது இதனால்தான். ஆனால் காரத்தோடு நிலைமை வேறு. மிளகாய்க் காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலின் சூட்டையும் கூட்டிக் காட்டும். மட்டன் சுக்காவோடு 14.5% ஆல்கஹாலும் கனமான ஓக் வாசமும் (ஒயினை முதிர வைக்கும் பீப்பாயின் மர வாசம்) உள்ள பாட்டிலைத் திறந்தால், இரண்டுமே கெட்டுப்போனது போல இருக்கும்.

அதனால் நம் வீட்டுச் சமையல் என்றால் ஓக் குறைந்த, இளமையான, 13 முதல் 13.5% ஆல்கஹால் உள்ளதைத் தேடுங்கள். சுட்ட இறைச்சி என்றால் கொஞ்சம் கனமானதற்குப் போகலாம். சாப்பாடே இல்லாமல் பேசிக்கொண்டே குடிக்கத்தான் என்றால் துவர்ப்பு அதிகமில்லாததுதான் சுகம்.

2. விலையில் ஒயினுக்குப் போகும் பங்கைக் கணக்கிடுங்கள்

இந்த ஒரு கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. பிரிட்டனில் ஒயினுக்கான தீர்வை அதன் ஆல்கஹால் அளவைப் பொறுத்தது, விலையைப் பொறுத்தது அல்ல. 2025 பிப்ரவரியில் மாறிய விதிப்படி, 13.5% உள்ள 750 மில்லி பாட்டிலுக்கு அது ஏறக்குறைய 3 பவுண்டு. அதற்கு மேல் 20% மதிப்புக் கூட்டு வரி.

6 பவுண்டு பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1 பவுண்டு மதிப்புக் கூட்டு வரி, 3 பவுண்டு தீர்வை. மீதி 2 பவுண்டு. அதற்குள்தான் கண்ணாடி, மூடி, அட்டைப் பெட்டி, கப்பல் கூலி, கடைக்காரரின் லாபம், அப்புறம் திராட்சை. 12 பவுண்டு பாட்டிலில் 2 பவுண்டு வரி, அதே 3 பவுண்டு தீர்வை, மீதி 7 பவுண்டு. நீங்கள் கொடுத்தது இரண்டு மடங்கு, ஒயின் பக்கம் போனது மூன்றரை மடங்கு.

30 பவுண்டுக்கு மேலே போனால் வேறு கதை. வரி போக மீதி நிறைய இருக்கும், ஆனால் அதில் பெரும் பங்கு பெயருக்கும், புதுப் பீப்பாய்க்கும், கிடைப்பதற்கு அரிது என்பதற்கும் போகிறது. ருசி அதே வேகத்தில் ஏறுவதில்லை. என் அனுபவத்தில் லண்டன் விலைக்கு 10 முதல் 15 பவுண்டு வரையிலான இடைவெளிதான் மால்பெக்குக்கு உகந்தது.

வேறு ஊரில் இருப்பவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை அதேதான். சிங்கப்பூரில் தீர்வை ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 13.5% பாட்டில் ஒன்றுக்கு கிட்டத்தட்ட 9 வெள்ளி அதிலேயே போய்விடும். ஆகவே அங்கே மிக மலிவான பாட்டிலில் ஒயினுக்கு மிஞ்சுவது இன்னும் குறைவு.

இங்கே நடக்கும் பிழை தள்ளுபடிச் சீட்டு. "பாதி விலை" என்று போட்டிருக்கும் பாட்டிலின் முழு விலையை நம்ப வேண்டாம். வேறு இரண்டு கடையில் அது என்ன விலைக்குப் போகிறது என்று போனில் பாருங்கள். எங்குமே கிடைக்காத பெயராக இருந்தால், ஒப்பிட ஆதாரமே இல்லாத அந்த முழு விலையை மறந்துவிடுங்கள். அதற்கு மாறாக, ஆறு பாட்டில் எடுத்தால் எல்லாவற்றுக்கும் 25% குறைவு என்று சூப்பர்மார்க்கெட்டுகள் அவ்வப்போது அறிவிக்கும். அலமாரியில் எப்போதும் இருக்கும் பாட்டில்களுக்கும் அது பொருந்துவதால், அந்தத் தள்ளுபடி உண்மையானது. 14 பவுண்டு மால்பெக்கை அப்போது வாங்குங்கள்.

3. இடத்தைப் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

மால்பெக் பெரும்பாலும் அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்திலிருந்து வருகிறது. ஆண்டிஸ் மலையின் கிழக்கு அடிவாரம், மழை குறைந்த வறண்ட நிலம், மலையில் பனி உருகி வரும் தண்ணீரில் பாசனம். இவ்வளவு வெயிலில் திராட்சை பழுப்பது பிரச்சினையே இல்லை. பழுக்கும்போது புளிப்பு போய்விடாமல் காப்பதுதான் பிரச்சினை. புளிப்பு போய்விட்டால் ஒயின் ஜாம் மாதிரி ஆகிவிடும், இரண்டாவது கிளாஸ் குடிக்கத் தோன்றாது.

அந்தப் புளிப்பைக் காப்பது உயரம். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். இரவுகள் இன்னும் குளிரும். குளிர்ந்த இரவில் திராட்சை தன் புளிப்பைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்ளும். கூடவே உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம் படுவதால் தோல் தடிக்கும், நிறமும் வாசமும் தோலில்தான் இருக்கின்றன. எனவே மெண்டோசாவைப் பொறுத்தவரை உயரம்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள்.

லேபிளில் வெறுமனே "அர்ஜென்டினா" அல்லது "மெண்டோசா" என்று மட்டும் இருந்தால், திராட்சை எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். மலிவான பாட்டிலில் அது பெரும்பாலும் சான் மார்த்தின், ரிவாதாவியா போன்ற கிழக்குச் சமவெளிப் பகுதி. 600, 700 மீட்டர் உயரம், சூடு அதிகம், விளைச்சலும் அதிகம். குடிக்க முடியாதது என்று சொல்லமாட்டேன். 8 பவுண்டுக்கு மேல் அதற்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

லுஹான் தே கூயோ (Luján de Cuyo) என்று இருந்தால் ஒரு படி மேல். மெண்டோசா நகருக்குத் தெற்கே, ஏறக்குறைய 900 முதல் 1,100 மீட்டர். வயதான கொடிகள் நிறைய உள்ள இடம். வயதான கொடி குறைவாகக் காய்க்கும், காய்ப்பது செறிவாக இருக்கும். வட்டமான, மென்மையான, பிளம் பழ வாசம் கொண்ட மால்பெக் வேண்டும் என்றால் இங்கே நின்றுவிடலாம். அக்ரேலோ, லாஸ் கொம்புயெர்த்தாஸ், விஸ்தால்பா என்ற சிற்றூர்ப் பெயர்களும் இதற்குள் வரும்.

மெண்டோசாவிலேயே ஊகோ பள்ளத்தாக்கு (Valle de Uco) நான் அதிகம் பரிந்துரைப்பது. துப்புங்காத்தோ, துனுயான், சான் கார்லோஸ் என்ற மூன்று வட்டாரங்கள், 900-இலிருந்து 1,500 மீட்டர் வரை ஏறும் தோட்டங்கள். வயலட் பூ வாசமும், கூர்மையான புளிப்பும், கொஞ்சம் சுண்ணாம்புத் தன்மையும் இங்கே வரும். லேபிளில் குவால்தஷாரி (Gualtallary), பராஹே அல்தமீரா (Paraje Altamira), லோஸ் சகாயேஸ் (Los Chacayes) என்று இன்னும் குறுகிய பெயர் இருந்தால், தோட்டத்தைக் கவனமாகப் பிரித்துச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். 11, 12 பவுண்டுக்கு ஊகோ பெயர் தெளிவாகப் போட்ட பாட்டில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

வடக்கே சால்டா மாகாணத்தின் கஃபயாத்தே 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடர்த்தி, வலிமை இரண்டும் கூடுதல். தொலைவிலிருந்து குறைந்த அளவில் வருவதால் விலையும் கூடுதல், முதல் பாட்டிலாக வேண்டாம். தெற்கே பட்டகோனியாவின் ரியோ நெக்ரோவில் உயரம் குறைவு, ஆனால் தெற்கே போகப் போகக் குளிரும் என்பதால் புளிப்பு அங்கேயும் தங்கும். எப்போதாவது கண்ணில் பட்டால் எடுத்துப் பாருங்கள்.

பலரும் தவறவிடும் ஒரு இடம் இருக்கிறது. பிரான்சின் தென்மேற்கில், லோ ஆற்றங்கரையில் உள்ள கஓர் (Cahors). அந்தப் பெயரில் விற்க வேண்டும் என்றால் குறைந்தது 70% மால்பெக் இருக்க வேண்டும் என்பது விதி, மீதி மெர்லோ, தனா திராட்சைகள். பல பாட்டில்களில் முன்பக்கம் கஓர் என்று மட்டும் இருக்கும். மால்பெக் என்ற சொல்லைத் தேடுபவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவதால், நல்ல பாட்டில்கள் நியாயமான விலையில் நிற்கின்றன. ஆனால் இது துவர்ப்பு மிகுந்த, கறுத்த, மண்வாசமுள்ள வகை. அர்ஜென்டினா மால்பெக்கின் மென்மையை எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும். நீண்ட நேரம் வெந்த இறைச்சிக்குத்தான் இது.

4. பாட்டிலைத் திருப்புங்கள்

பின்பக்கத்தில் படிக்க வேண்டியது வர்ணனை அல்ல. "செழுமையான பழச்சுவை, வெல்வெட் போன்ற முடிவு" என்று எல்லாப் பாட்டிலும்தான் சொல்லும். சிறிய எழுத்தைப் படியுங்கள்.

முதலில், எங்கே பாட்டிலில் அடைத்தார்கள் என்று பாருங்கள். மலிவு ஒயின் பெரும்பாலும் 24,000 லிட்டர் பிடிக்கும் பெரிய பையில் கப்பலேறி, பிரிட்டனில் அடைக்கப்படுகிறது. 7 பவுண்டில் இது புத்திசாலித்தனம், கண்ணாடியைச் சுமக்கும் செலவு மிச்சம். 12 பவுண்டில் அதே வழியில் வந்திருந்தால் அந்த மிச்சம் உங்களுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, செய்தவர் பெயர். சூப்பர்மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் விற்கும் பாட்டிலிலும் பின்னால் செய்தவர் பெயர் இருக்கலாம். அது தெரிந்த ஒயினகமாக, அதாவது ஒயின் செய்யும் நிறுவனமாக இருந்தால் நல்ல பேரம்.

மூன்றாவது, உயர எண். பல ஒயினகங்கள் தோட்டத்தின் உயரத்தை மீட்டரில் போடும். 1,000-க்கு மேல் என்று போட்டால் மறைக்க ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். "உயர்ந்த மலை", "ஆண்டிஸ்" என்று சொற்கள் மட்டும் இருந்து எண் இல்லையென்றால் நான் கீழே வைத்துவிடுவேன்.

5. எந்தச் சொல்லுக்கு மதிப்பு, எதற்கு இல்லை

ரிசர்வா, கிரான் ரிசர்வா இரண்டுக்கும் அர்ஜென்டினாவில் சட்டம் உண்டு. சிவப்பு ஒயின் என்றால் முதலாவது குறைந்தது 12 மாதமும் இரண்டாவது 24 மாதமும் முதிர்ந்திருக்க வேண்டும். ஆனால் முதிர்ந்தது என்பதும் உங்களுக்குப் பிடிக்கும் என்பதும் ஒன்றல்ல. காரச் சாப்பாட்டுக்கு ரிசர்வா இல்லாத இளம் ஒயினே மேல். பிரீமியம், ஸ்பெஷல் செலக்‌ஷன் போன்றவை வெறும் அலங்காரம். மால்பெக் என்று போட்டால் குறைந்தது 85% அந்தத் திராட்சையாக இருக்க வேண்டும் என்பதால், அந்தச் சொல்லை நம்பலாம்.

ஓக் பற்றி ஒரு கணக்கு. வழக்கமான பீப்பாய் 225 லிட்டர், அதாவது சரியாக 300 பாட்டில். புதுப் பிரெஞ்சு ஓக் பீப்பாய் பல நூறு யூரோ. 900 யூரோ என்று வைத்துக்கொண்டாலும் பாட்டிலுக்கு 3 யூரோ பீப்பாய்க்கே ஆகிறது. ஆக 8 பவுண்டு ஒயினில் வெனிலா, சாக்லேட், காபி வாசம் தூக்கலாக வந்தால், அது பீப்பாயிலிருந்து வந்திருக்க வழியில்லை. தொட்டிக்குள் போட்ட ஓக் சீவல் அல்லது பலகையிலிருந்து வந்தது. தப்பான காரியம் அல்ல, ஆனால் பழத்தின் வாசம் குறைந்த ஒயினை மூட இது வசதியான போர்வை. மலிவு விலையில் ஓக் இல்லாததை எடுங்கள், பழம் எப்படி என்று நேராகத் தெரிந்துவிடும். சுக்கார்தி என்ற ஒயினகத்தின் கொன்க்ரேத்தோ மாதிரி சிமெண்டுத் தொட்டியிலேயே வளர்த்த மால்பெக்கும் இருக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் ஓக் இல்லாத ஊகோ எப்படி இருக்கும் என்று அறிய அதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு நல்ல வழி, ஒரே ஒயினகத்தின் படிகளைப் பார்ப்பது. கத்தேனா குடும்பத்தை எடுத்தால் அலமோஸ் கீழ்ப் படி, கத்தேனா அடுத்தது, கத்தேனா ஆல்தா அதற்கு மேல். பெரும்பாலான ஒயினகங்களில் இரண்டாவது படிதான் காசுக்கு அதிகம் தருவது. மேல் படிகளுக்குப் போகாத நல்ல திராட்சை சில வருடங்களில் அங்கேதான் இறங்கும்.

6. ஆண்டு

தென் அரைக்கோளம் என்பதால் மெண்டோசாவில் அறுவடை பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. அதே ஆண்டு போட்ட பிரெஞ்சு ஒயினைவிட இது ஆறு மாதம் மூத்தது.

10 பவுண்டுக்குக் கீழே என்றால் ஒன்று முதல் மூன்று வயது வரை போதும். ஐந்து வயதான மலிவு மால்பெக் முதிர்ந்தது அல்ல, விற்காமல் கிடந்தது. ஊகோவின் நல்ல பாட்டில்கள் ஆறு, ஏழு வயது வரை தாராளமாக நிற்கும். கஓர் நான்கு வயதுக்கு மேல்தான் இளகும். மெண்டோசாவில் 2019 அருமையான ஆண்டு, மிச்சம் கிடைத்தால் விடாதீர்கள். 2023-இல் உறைபனியால் விளைச்சல் குறைந்தது, தரம் குறைந்தது என்று அதற்கு அர்த்தமில்லை.

7. பாட்டிலின் உடம்பைப் பாருங்கள், எடையை அல்ல

ஒரு நாள் ஒரு தம்பி மேலதிகாரி வீட்டு விருந்துக்கு எடுத்துப்போக வந்தார். இரண்டு கையிலும் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது நல்ல வெயிட்டா இருக்கு, இதுதானே நல்லது?" என்றார். காலிப் பாட்டில் 400 கிராமிலும் செய்யலாம், 900 கிராமிலும் செய்யலாம். கனமான கண்ணாடிக்கும் அதன் கப்பல் கூலிக்கும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். அடியில் உள்ள குழியின் ஆழமும் அப்படியே. திருகு மூடியைக் குறைவாக நினைக்க வேண்டாம். கார்க் கெடுத்து ஈர அட்டை வாசம் வரும் ஆபத்து அதில் மிகக் குறைவு.

பார்க்க வேண்டியது வேறு. கழுத்தில் ஒயின் மட்டம் பக்கத்துப் பாட்டிலைவிட இறங்கியிருந்தால், கார்க் துருத்திக்கொண்டிருந்தால், ஓரத்தில் ஒழுகிய கறை இருந்தால் வேண்டாம். விளக்குக்கு நேர் கீழே, ஜன்னலில், ரேடியேட்டருக்குப் பக்கத்தில் நின்ற பாட்டிலும் வேண்டாம். ஒரு கடையின் ஜன்னல் அலமாரியிலிருந்து ஆசையாக 20 பவுண்டுக்கு வாங்கி வந்த ரிசர்வா வேகவைத்த பழம் மாதிரி இருந்தது. அந்த ஒயினைச் செய்தவர்மேல் எந்தப் பிழையும் இல்லை. அதிலிருந்து பின் வரிசையிலிருந்துதான் எடுக்கிறேன்.

8. வீட்டில் சரிபார்ப்பது

மால்பெக்கை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வார்கள். ஹீட்டர் ஓடும் வீட்டு வெப்பம் அதற்கு அதிகம், ஆல்கஹால் மூக்கில் ஏறும். பிரிட்ஜில் 20 நிமிடம் வைத்து எடுத்தால் 16 முதல் 18 டிகிரிக்கு வரும். கஓர் என்றால் வாயகன்ற ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள், துவர்ப்பு கொஞ்சம் இறங்கும்.

முதல் வாயில் மூன்றைக் கவனியுங்கள். கன்னத்தின் ஓரத்தில் எச்சில் ஊறுகிறதா? ஊறினால் புளிப்பு இருக்கிறது. உதட்டில் பிசுபிசுக்கிறதா? அப்படியென்றால் சர்க்கரை விட்டு வைத்திருக்கிறார்கள், மலிவுப் பாட்டிலில் இது சகஜம், லேபிளில் சொல்ல மாட்டார்கள். விழுங்கியபின் பழ வாசம் பத்து விநாடியாவது நிற்கிறதா, அல்லது சூடு மட்டும்தானா?

நான் எல்லோருக்கும் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. "மெண்டோசா" என்று மட்டும் போட்ட 8 பவுண்டு பாட்டில் ஒன்று, ஊகோ என்று போட்ட 12 பவுண்டு பாட்டில் ஒன்று, இரண்டையும் ஒரே மாலை நான்கைந்து பேர் கூடும்போது திறவுங்கள். காகிதம் சுற்றி ஊற்றச் சொல்லி, எது எது என்று தெரியாமல் குடியுங்கள். உங்கள் நாக்குக்கு 8 பவுண்டுதான் பிடித்தது என்றால் வருடத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று சந்தோஷப்படலாம். பிடித்தது எதுவானாலும் பின்பக்க லேபிளைப் படம் எடுத்து, ஊர், உயரம், ஆண்டு, ஆல்கஹால், ஓக் உண்டா இல்லையா, என்ன சாப்பிட்டோம் என்று ஒரு வரி எழுதுங்கள். பாராட்டுச் சொற்கள் வேண்டாம், அடுத்த தடவை கடையில் உதவுவது அந்த எண்களும் ஊர்ப் பெயரும்தான்.

மிச்சம் இருந்தால் மூடிபோட்டு பிரிட்ஜில் நிறுத்தி வையுங்கள், மூன்று நாள் தாங்கும். குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள், குளிர்ந்த நிலையில் துவர்ப்பு மட்டும்தான் தெரியும்.